தலைகீழ் மரத்தடியில் ஒரு பூசணி

கிறீச் என்றது நாற்காலி. சரி, இருக்கிறான். இழுத்துப் பிடித்திருந்த மூச்சைச் சுலோச்சனா மெல்ல விட்டாள். சமையலறையில் பிரிட்ஜுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் மகனுடைய அறைக்கதவு நேராகத் தெரியும். அவன் சட்டென்று வெளியே வந்தால் போனை முந்தானைக்குள் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருக்கும் முறத்தை மடிக்கு இழுத்துக் கல் பொறுக்குகிற மாதிரி பாவனை செய்யலாம். கல்லே இல்லாத கடை அரிசி, அது பாட்டுக்கு மூன்று மாதமாக அந்த முறத்தில் கிடக்கிறது. புழு வைக்கிறதா என்றுகூட அவள் பார்ப்பதில்லை. கிறீச். மறுபடியும். நல்லது. சபரீஷ் காலேஜில் சேர்ந்தபோது வாங்கிய சக்கரம் வைத்த மேசை நாற்காலி அது. ஒரு காலுக்குள் என்னவோ துருப்பிடித்து, அவன் அசையும்போதெல்லாம் கத்துகிறது. போன மாதம் வீட்டுக்காரர் குமரேசன் தன் பம்ப்செட் கம்பெனியிலிருந்து எண்ணெய்க் குப்பியோடு வந்து, "காதக் கிழிக்குது, ரெண்டு சொட்டு உட்டாச் சரியாப் போயிரும்" என்று கிளம்பியபோது இவள்தான் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. அவன எதுக்குத் தொந்தரவு பண்றீங்க." ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு ஆள் உயிரோடு இருப்பதற்கு அடையாளமாக ஒரு நாற்காலிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது. போனைத் திருப்பினாள். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்த செய்தி அதே இடத்தில் இருந்தது. எத்தனை தரம் படித்தாலும் ஒரு எழுத்து மாறுவதாக இல்லை. "அண்ணா, தலைகீழ் மரம் மறுபடி வளர ஆரம்பிச்சிருச்சு. சனிக்கிழமை பூத்துரும். பூத்ததும் என் தோட்டத்துல இருக்கிற எல்லா மரத்தையும் நீங்களே எடுத்துக்குங்க. அதுக்கப்புறம் நான் வர மாட்டேன்." இன்று புதன்கிழமை.

அண்ணா என்று அவன் கூப்பிடுவது அவளைத்தான். திருச்சியில் பாங்கு வேலை பார்க்கும், கல்யாணமாகாத, முப்பத்திரண்டு வயது ராம்கி. அதுதான் போனில் ஆடும் தோட்ட விளையாட்டில் சுலோச்சனாவின் பெயர். பொய் சொன்னால் காது சிவந்து மாட்டிக்கொள்கிறவள், நாற்பத்தேழு வயதில் மீசை வைத்த பொம்மையாக மாறி, மகனின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று மாதமாகக் குடியிருக்கிறாள். காது சிவந்தாலும் போனில் தெரியாது என்பதுதான் தைரியம். செமஸ்டர் பாதியில் பெட்டியோடு வந்து நின்றவன், வந்த அன்றைக்குச் சாத்திய கதவு. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா." மறுநாள் கேட்டதற்கும் அதே. அப்புறம் அதுவும் இல்லை. இவர்கள் தூங்கின பிறகு வந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். கழுவின தட்டைப் பார்த்துத்தான் பிள்ளை பசியாறினான் என்று தெரியும். ஒருநாள் டீ கொண்டு போய் வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தபோது, லேப்டாப்பில் பச்சையாக ஒரு தோட்டம், மேலே ஒரு பெயர்: ஆளில்லாத் தோட்டம். அந்தப் பெயரே அவளுக்குப் பிடிக்கவில்லை. அக்கா மகள் வினோதினியிடம் போய், பொழுது போகவில்லை, ஏதோ தோட்டம் போடுகிற விளையாட்டாமே என்று கேட்டு, பண்ணையூர் என்ற அந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டு, பக்கத்துத் தோட்டம் எடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் வாரம் தன் பொம்மையைக் கிணற்றிலிருந்து வெளியே எடுக்கவே தெரியவில்லை. அவன்தான் வந்து, "ஏணிய அழுத்துங்க அண்ணா" என்று எழுதிக் காப்பாற்றினான். அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஏழு வாரம் கழித்து மகன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவனுடைய மரங்கள்தான் என்ன மரங்கள். தென்னை, மா, கொய்யா என்று எல்லோரும் வைப்பதை அவன் வைக்கவில்லை. எவனும் பொறுமையாக வளர்க்க மாட்டான் என்கிற மரமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தான். கண்ணாடி மரம் ஒன்று, இலையெல்லாம் கண்ணாடி, காற்றடித்தால் வளையல் கடை மாதிரி சத்தம் போடும், ஆனால் மழை நாளில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துப்போகும். நடமரம் ஒன்று, வாரத்துக்கு ஒரு கட்டம் தானாக நகரும், கவனிக்காமல் விட்டால் வேலியைத் தாண்டி அடுத்தவன் நிலத்துக்குப் போய்விடும். அது ஒருமுறை ராம்கியின் வெண்டைக்காய்ப் பாத்திக்குள் வந்து நின்றபோது, "ஸாரிண்ணா, இது அடங்காது" என்று எழுதியிருந்தான், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அந்தச் சிரிப்புப் பொம்மையை அவள் எத்தனை நாள் எடுத்து எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, நடுத்தோட்டத்தில் இந்தத் தலைகீழ் மரம். கிளை மண்ணுக்குள், வேர் வானத்தில். நட்ட நாளிலிருந்து நாற்பதாவது நாள் அந்த வேர் நுனியில் எல்லாம் பூக்குமாம், ஒரே ஒரு நாள். "இந்த மரத்தை எதுக்குப்பா வெச்சே" என்று ராம்கி கேட்டதற்கு, "எல்லாம் தப்பா வெச்ச மரமும் ஒருநாள் பூக்குதான்னு பாக்கணும்ணா" என்று பதில் வந்தது. அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை அழகாகப் பேசுகிறானே என்று பூரித்துக்கூடப் போனாள். மக்கு. மக்கு. அவன் ராம்கியிடம் சொன்னவற்றில் எதைத்தான் அவள் சரியாக எடுத்துக்கொண்டாள். காலேஜில் பேப்பர் வாசிக்க எழுந்து நின்றபோது குரலே வரவில்லை, முழுசாக ஐந்து நிமிடம் நின்றேன், யாரோ வீடியோ எடுத்தார்கள், எல்லாருக்கும் போனது என்று ஒருநாள் எழுதினான். உங்க அம்மாவிடம் சொன்னாயா என்று ராம்கி கேட்டான். "எங்கம்மாவுக்குத் தாங்காதுண்ணா." தாங்காதாம். பெற்று வளர்த்தவளுக்குத் தாங்காது, திருச்சிக்காரனுக்குத் தாங்குமாம். அன்று முழுக்க அவளுக்கு ராம்கி மேல் பொறாமையாக இருந்தது.

கிறீச். இருக்கிறான். என்ன பதில் எழுதுவது. ஏன் வர மாட்டாய் என்று அடித்தாள், அழித்தாள். எங்கே போகிறாய் என்று அடித்தாள், அதைப் பார்க்கவே பயமாக இருந்தது, அழித்தாள். ஒருவேளை விளையாட்டு சலித்துப் போயிருக்கலாம். ஆமாம், சலித்திருக்கும், வயசுப் பிள்ளை, எத்தனை நாள்தான் பொம்மை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவான், காலேஜுக்குத் திரும்பலாம் என்று மனசு மாறியிருக்கும், சனிக்கிழமை கிளம்பலாம் என்றிருப்பான், சனிக்கிழமை நல்ல நாள்தானா, காலண்டரைப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு நிமிடம் ஓடும். அடுத்த நிமிடம் அந்த மூன்றாவது வரி கண்ணில் குத்தும். எல்லா மரத்தையும் நீங்களே எடுத்துக்குங்க. சலித்துப் போனவன் சும்மா விட்டுவிட்டுப் போவான். யாராவது உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுப்பானா. கொடுப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. மரம், மரத்தை நினை. மரம் மறுபடி வளர ஆரம்பித்ததற்கே இவள்தான் காரணம், காலையில்தானே அதற்காக அப்படிச் சந்தோஷப்பட்டாள். கூத்துதான் அது. போன வாரம் திங்கட்கிழமை, எங்கிருந்தோ வந்த ஒரு ஊர் சுற்றி அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்து, தலைகீழ் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இவ்வளவு பெரிய மரத்தை நான் பார்த்ததே இல்லை, இவ்வளவு அழகா, இவ்வளவு உயரமா என்று எழுதித் தள்ளிவிட்டுப் போயிருந்தான். முப்பத்தேழு நாள் வளர்ந்த மரம், பூக்க மூன்றே நாள். கண் பட்டால் என்ன ஆகும். வீட்டு வாசலில் அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைக்கிறவள் சும்மா இருப்பாளா. விளையாட்டுக் கடையில் பெரிதாக ஒரு பூசணி வாங்கி, மேலே சிவப்புச் சாயத்தால் குங்குமம் மாதிரி ஒரு பொட்டு வைத்து, அவன் தோட்டத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொண்டு போய் மரத்தடியில் ஒட்டினாற்போல வைத்துவிட்டு வந்தாள். பக்கத்துத் தோட்டக்காரனுக்கு அவன் கதவுச்சாவி கொடுத்திருந்தான், ராம்கி ஒருவனுக்கு மட்டும். மறுநாளிலிருந்து மரம் நின்றுபோனது. ஒரு அங்குலம் ஏறவில்லை. பார்த்தாயா, எப்பேர்ப்பட்ட கண் என்று அந்த ஊர் சுற்றியை ஒன்பது நாள் திட்டினாள். இன்று காலைதான் வினோதினியிடம் போன் பேசும்போது பேச்சுவாக்கில் கேட்டாள். "சித்தி, அந்த மரத்தச் சுத்தி எட்டுக் கட்டமும் காலியா இருக்கோணும். ஒரு கல்லு கெடந்தாலும் அப்படியே நின்னுக்கும். எதையாச்சும் கொண்டு போய் வெச்சீங்களா?" இல்லையே என்றாள். போனை வைத்ததும் பதறிக்கொண்டு போய்ப் பூசணியை எடுத்துத் தன் தோட்டத்துக் கிடங்கில் போட்டாள். பிள்ளைக்கு எப்பேர்ப்பட்ட உபகாரம் செய்துவிட்டோம் என்று அந்தத் திருப்தியிலேயே கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள். சனிக்கிழமை பூக்கும். சனிக்கிழமை அவன் முகம் மலரும். அப்படித்தான் நினைத்தாள்.

"சுலோ, கொஞ்சம் கருவேப்பல இருக்குமா?" கேட்டுக்கு வெளியே மாலதி அக்கா. எதிர்வீடு. எழுந்து போய்க் கொடுக்கிற வரைக்கும் நாற்காலிச் சத்தம் கேட்காதே என்று ஒரு தவிப்பு, கொடுக்காமல் இருந்தால் இன்னும் ரெண்டு தரம் கூப்பிடுவாள் என்று ஒரு தவிப்பு. ஓடிப்போய்க் கொத்தோடு ஒடித்து நீட்டினாள். "தம்பி வேலைக்குத்தான் போறானாட்ட? ஊட்டுக்குள்ளாற இருந்தே பண்ற வேலையா?" "ஆமாங்க்கா." "பரவால்ல. வெயில்ல போவாண்டாம்." ஆமாங்க்கா, வெயில்ல போவாண்டாம். என்ன சுலபமாக வந்துவிட்டது பொய், காதுகூடச் சுடவில்லை. எல்லோரிடமும் இப்படிப் பூசி மெழுகிப் பூசி மெழுகி, கடைசியில் மகனிடமே மீசை வைத்துக்கொண்டு போய் நின்றாயிற்று. திரும்பி வந்து பிரிட்ஜில் சாய்ந்தாள். பிரிட்ஜ் ஒரு உதறு உதறி மோட்டாரைப் போட்டது. அதன் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். பால் கெட்டால் கெடட்டும். இப்போது வீடு அமைதியாக இருந்தது, ரொம்ப அமைதியாக. தெருவில் ஒரு பைக் போனது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. படுத்திருப்பான். மத்தியானம் படுக்கிற வழக்கம் உண்டா? தெரியவில்லை. பெற்றவளுக்கு மகன் மத்தியானம் படுப்பானா என்று தெரியவில்லை, நடமரம் எந்தக் கிழமை நகரும் என்று தெரிகிறது. சத்தம் வரட்டும். ஒரே ஒரு கிறீச். மருதமலை முருகா, ஒன்றே ஒன்று.

போகாதே என்றால் நினைப்பு கேட்கிறதா. அண்ணன் தண்டபாணி. அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு இருபத்திரண்டு, சபரீஷின் இப்போதைய வயது. ஒரு வைகாசி மாதம், திங்கட்கிழமை, சைக்கிளைக் கூட்டாளிக்குக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை ரேடியோவைச் சித்தப்பாவுக்கு. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று வீடே மெச்சியது. புதன்கிழமை, ஆமாம், இன்று மாதிரி ஒரு புதன்கிழமைதான், கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி அவளிடம் நீட்டினான். இரண்டு வருஷமாக ஒருமுறை கட்டிப் பார்க்கக் கேட்டுத் தராதவன். அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், ஏண்ணா இப்ப எனக்குத் தர்றே. ஒரு வாய் வார்த்தை. அதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். "பட்டை பெருசா இருக்கே, ஒரு ஓட்டை போட்டுத் தர்றியாண்ணா?" அவன் சிரித்துக்கொண்டே அடுப்பில் ஆணியைக் காய்ச்சி, அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் அளந்து பார்த்து, பட்டையில் அளவாக ஒரு ஓட்டை போட்டுக் கட்டிவிட்டான். தோல் கருகின வாடை. இந்தா, இப்பச் சரியா இருக்கா என்றான். சரியாக இருந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு தெரு முழுக்க மணி சொல்லிக்கொண்டு திரிந்தாள். சனிக்கிழமை காலையில் அண்ணன் இல்லை. எல்லோரும் அழுதார்கள், அவளும் அழுதாள், ஆனால் அழும்போதெல்லாம் அந்த வாட்ச் கையில் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாருக்கும் இதைச் சொன்னதில்லை. குமரேசனுக்குக்கூட. அண்ணனுக்கு நெஞ்சுவலி என்று சொல்லித்தான் கல்யாணமே நடந்தது. சபரீஷுக்கு மாமா ஒருவர் இருந்தார் என்பதே போட்டோவில் பார்த்த விஷயம்தான். இப்போது மகன் ஒரு காடளவு மரத்தை எடுத்து அவள் கையில் கட்டிவிடப் பார்க்கிறான். சரியா இருக்கா என்று கேட்பான். இந்தத் தடவையும் ராம்கி, நன்றி தம்பி என்று எழுதுவானா.

கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால், இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகிவிட்டால்? அவர் ஐந்தரைக்கு வந்துவிடுவார், அவர் வந்ததும் கேட்கலாம். ஐந்தரைக்கா. சனிக்கிழமைதானே என்று எழுதியிருக்கிறான், மூன்று நாள் இருக்கிறதே. அட பாவி, மூன்று நாள் இருக்கிறது என்று தாய் கணக்குப் போடுகிறாள். கதவுக்குப் பின்னால் இன்னும் சத்தமில்லை. விரல் தானாகப் போய் விளையாட்டைத் திறந்தது. அவன் தோட்டத்தில் இருக்கிறானா பார்க்கலாம், பொம்மை நின்றால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தலைகீழ் மரம் வேரை விரித்துக்கொண்டு நின்றது. பொம்மையைக் காணோம். மரத்தைச் சுற்றி எட்டுக் கட்டமும் சுத்தமாகக் கூட்டியிருந்தது, ஒரு சருகு இல்லை. விளையாட்டில் இது இலையுதிர் காலம், நாள் தவறாமல் கூட்டாவிட்டால் சருகு மூடிவிடும். அவன் நாள் தவறாமல் கூட்டுகிறவன். ஒரு கட்டத்தில் மட்டும் மண் வேறு நிறமாக, வட்டமாக இருந்தது. பூசணி இருந்த இடம். அதைச் சுற்றியும் வட்டமாகக் கூட்டியிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு எங்கோ இடறியது. ஒன்பது நாளும் பூசணியைச் சுற்றிக் கூட்டியிருக்கிறான். அப்படியானால் பார்த்திருக்கிறான். ஒரு கல் கிடந்தாலும் மரம் நிற்கும் என்று வினோதினிக்கே தெரியும்போது இவனுக்குத் தெரியாதா. தெரிந்தும் ஏன் எடுக்கவில்லை. ராம்கியிடம் ஏன் கேட்கவில்லை. சாவி இருப்பது ராம்கியிடம் மட்டும். பாங்கு வேலை பார்க்கிற எந்தப் பிரம்மச்சாரி மரத்துக்குத் திருஷ்டி கழித்துக் குங்குமம் வைப்பான். பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தாள். பூசணி வைத்த அந்தத் திங்களுக்கு முன்னால் அம்மாவைப் பற்றி அவன் எழுதியது இரண்டே வரி. அதற்கப்புறம்: "இன்னிக்கு எங்கம்மா வெச்ச அரிசிப்பருப்பு சாதம் நல்லா இருந்துச்சுண்ணா." "எங்கம்மாவுக்கு முழங்கால் வலி, கீழ உக்காரக் கூடாது, சொன்னாக் கேக்க மாட்டாங்க." கீழே, தரையில், நீட்டியிருந்த தன் காலையே சுலோச்சனா பார்த்தாள். இந்த வரிக்கு ராம்கி, அம்மான்னா அப்படித்தான் தம்பி என்று பெரிய மனுஷனாகப் பதில் எழுதியிருந்தான்.

டிரம்மைப் பிடித்து எழுந்தாள். முறம் காலில் பட்டு அரிசி சிதறியது. கதவுக்கு எட்டே எட்டு அடி வைத்தால் போதும். கேட்பதற்கென்று அந்த எட்டு அடியை அவள் ஐந்து மாதமாக வைக்கவில்லை. தட்டக் கை ஓங்கிவிட்டு, தட்டாமல் நெற்றியைப் பலகையில் வைத்தாள். "சபரி. சாமி, கதவத் தெறக்க வேண்டாம். காதுல மட்டும் வாங்கிக்க. அந்த மரமெல்லாம் எனக்கு வேண்டாம்." சொல்லி முடித்த பிறகுதான் மீசை கழன்று விழுந்தது உறைத்தது. விழட்டும். "உன்ற மாமன் ஒருத்தன் இருந்தான். நெஞ்சுவலின்னு சொன்னதெல்லாம் பொய்யி. அவன் போறதுக்கு முன்னால என்ற கையில ஒரு வாட்சக் கட்டிவிட்டான். ஏன்னு நான் கேக்கல. சந்தோசமாக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். இருபத்தெட்டு வருசமா அதுதான் நெஞ்ச அறுக்குது. இப்பக் கேக்கறேன். செத்துப்போலாம்னு நெனைக்கிறியா கண்ணு?" அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் முதல்முறையாக வெளியே வந்தது. வெளியே வந்த பிறகு அது கூரையைப் பிய்த்துக்கொண்டு போகவில்லை. கதவு கதவாகவே இருந்தது.

குரல் வந்தபோது நாற்காலிப் பக்கமிருந்து வரவில்லை. கீழேயிருந்து, கதவின் அடியிலிருந்து வந்தது. அந்தப் பக்கம் அவனும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறான். "பூசணிக்காய எதுக்கும்மா எடுத்தே?" கரகரப்பான, பழக்கமில்லாத குரல். அவளும் முழங்காலை மடக்கிச் சரிந்து உட்கார்ந்தாள். "அது இருந்தா மரம் வளராதாமே. எனக்கென்ன தெரியும். கண்ணு படாம இருக்கோணும்னு வெச்சேன்." "தெரியும். பூக்கறதப் பாத்துட்டுப் போயிரலாம்னு இருந்தேன். இன்னும் மூணு நாள்ன்னு இருக்கறப்ப ஒரு நா பாத்தா, மரத்தடியில பூசணி. குங்குமத்தோட. ராம்கியாம்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எடுத்தா மூணு நாள்ல பூத்துரும்னு தெரியும். எடுக்கத் தோணல. அது இருக்கற வரைக்கும் இருந்துக்கலாம்னு ஒவ்வொரு நாளாப் போச்சு. காத்தால பாத்தாக் காணோம். சரி, நீயே எடுத்துட்டயேன்னு நெனச்சேன்." சுலோச்சனா வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில் அவள் வைத்த கத்திரிக்காய்க் குழம்பும், அதை வைத்தபோது இருந்த திருப்தியும் ஞாபகம் வந்து உடம்பு குலுங்கியது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. "கேட்டுக்கோ சாமி. இப்ப உங்கப்பாவுக்குப் போன் பண்றேன். வரட்டும். மூணு பேருமாப் போய் ஒரு டாக்டரப் பாக்கலாம். இன்னிக்கே." "அப்பாகிட்ட என்ன சொல்லுவே?" "இருக்கறதச் சொல்லுவேன். இனி ஒண்ணும் பூசி மெழுகறதா இல்ல." அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவரைக் கூப்பிடும் முன் செய்ய ஒன்று இருந்தது; மூக்குக்கண்ணாடியைத் துடைக்க நேரமின்றி அப்படியே கலங்கலாக விளையாட்டைத் திறந்தாள். கிடங்குக்குப் போய்ப் பூசணியை எடுத்தாள். குங்குமம் அப்படியே இருந்தது. வேலிக் கதவைத் திறந்து, மீசைக்காரப் பொம்மை தலைமேல் பூசணியைத் தூக்கிக்கொண்டு மகனின் தோட்டத்துக்குள் ஓடியது, கண்ணாடி மரத்தில் ஒருமுறை இடித்துக்கொண்டது, மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. வைத்தாள். உள்ளே லேப்டாப் டிங் என்றது. "வெச்சுட்டேன் பாரு. இனி அது பூக்காது. பூக்கவே வேண்டாம்." அவன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "ம்மா, ஒரு கட்டம் தள்ளி வெச்சிருக்கே. அங்க வெச்சா அது வளரும்." மறுபடி முயன்றாள். விரல் தவறியதில் பூசணி கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தது. இன்னொரு தரம். நடமரத்தின் மேலேயே ஏறிக்கொண்டது. எட்டுக் கட்டம் எது, ஒன்பதாவது கட்டம் எது, எல்லாம் பச்சையாக ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. "எனக்குத் தெரியல சபரி. என்னால ஆவல. நீ வந்து வெச்சுக் குடு." நாற்காலியைப் பிடித்து எழுந்திருக்கிறான் போல, அது நீளமாக ஒருமுறை கத்தியது. தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து, அதன் வழியாக ஒரு கை போனுக்காக நீண்டது. மெலிந்துபோன கை, நகம் வளர்ந்த கை. போனை அதில் வைக்காமல் சுலோச்சனா அந்த மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.